நைஜ் கிரிம்ஷாவின் வலது கை

நைஜ் கிரிம்ஷாவின் வலது கை மூளையிடம் அனுமதி கேட்காமல் மேலே போகிற கை.

இங்கிலாந்தில் கிராக்லி என்கிற ஊரில் அவனைப் போல நடித்துக் காட்டத் தெரியாத ஆள் கிடையாது. ரொம்பச் சுலபம். வலது கையை வானத்துக்கு நீட்ட வேண்டும். வாயை ஒரு சாஸர் அளவுக்குத் திறக்க வேண்டும். கால்பந்து யார் மேல் பட்டு வலைக்குள் போனது என்று மட்டும் திரும்பிப் பார்க்கவே கூடாது. நேராகக் கொடிக்கம்பத்தைப் பார்த்து ஓட வேண்டும். முடிந்தது, நீங்கள்தான் நைஜ். கேனல் பப்பில் எவனாவது சுவர்ப்பலகையில் அம்பெறிந்து நடுப்புள்ளியில் பட்டால், பக்கத்தில் நிற்கிறவன் இப்படிக் கையைத் தூக்கிக்கொண்டு கழிப்பறைவரை ஓடிவிட்டு வருவான். கல்யாணத்தில் பாதிரியார் "இந்தப் பெண்ணை ஏற்கிறாயா?" என்று கேட்டபோதும் அவன் கை மேலே போனது, ஜேனிஸ்தான் பிடித்துக் கீழே இழுத்தாள் என்று ஒரு கதை உண்டு. ஜேனிஸ் அதை மறுத்ததில்லை.

அந்தக் கையை அவனுக்குப் பழக்கியவர் மேனேஜர் ஸ்டான் மேலர். பிஸ்கட் ஃபாக்டரி டீமில் ஆடிக்கொண்டிருந்த ஒல்லிப் பையனைக் கூட்டிக்கொண்டு வந்து நான்காவது டிவிஷனில் ஃபார்வர்டாக நிறுத்தியவர். சரளைக்கல்லை மென்று துப்புகிற குரல்.

"இங்க கேளுடா தம்பி. நம்ம லீக்ல டிவி கிடையாது, ஒரு எழவும் கிடையாது. கோலுங்கிறது அடிச்சவனுக்கு இல்ல. முதல்ல கையைத் தூக்கினவனுக்கு. உன் மூக்குமுடியில பட்டாலும் உன்னோடதுதான். படலைன்னா, படுறமாதிரி கிட்ட நின்னேல்ல, அதுவும் உன்னோடதுதான். வெக்கப்படுறவன் டிஃபென்ஸ்ல போய் நிக்கட்டும்."

நைஜுக்கு வெட்கம் கிடையாது. முழங்காலில் பட்டுப் போனது, தோளில் பட்டுப் போனது, ஒருமுறை ஷூ லேஸ் கட்டக் குனிந்தபோது பின்பக்கம் பட்டுப் போனது. எல்லாவற்றுக்கும் கை. சக ஆட்டக்காரர்களின் கோலையும் கோட்டருகே நின்று கடைசி நொடியில் தொட்டுத் தன் கணக்கில் சேர்த்துக்கொள்வான். பந்திக்கு முந்துகிறவன். யாரும் பெரிதாகக் கோபப்படவில்லை. "திருட்டுப் பய" என்று தலையில் தட்டுவார்கள், அடுத்த வாரம் அவர்களும் ஒன்று போட்டுக்கொள்வார்கள். ஃபார்வர்டு என்றால் அப்படித்தான் என்பது டிரெஸ்ஸிங் ரூமில் எல்லோருக்கும் தெரிந்த சட்டம்.

அடுத்த வாரம் ஒன்று போட்டுக்கொள்ள முடியாதவன் டீமிலேயே ஒருவன்தான்.

டெஸ் ஹோல்ராய்ட். நடு டிஃபெண்டர். மாட்டுக்கொட்டகைக் கதவைக் கழற்றி ஜெர்சி மாட்டிவிட்டதுபோல இருப்பான். அவனைத் தாண்டிப் போன ஃபார்வர்டுகள் குறைவு, போனவர்கள் நொண்டிக்கொண்டு போனார்கள். ஆனால் கோல் என்பது மட்டும் அவன் ஜாதகத்திலேயே இல்லை. அவன் உதைத்த பந்துகள் டீக்கடைக் கூரை மேல் விழுந்தன, கால்வாயில் விழுந்தன, ஒருமுறை பக்கத்துத் தெருவில் ஒரு அம்மாள் உலர்த்தியிருந்த படுக்கை விரிப்பில் விழுந்தது. அவன் பந்தோடு நடுக்கோட்டைத் தாண்டினாலே கேனல் ரோடு மைதானம் முழுக்க, தடுப்பைத் தாண்டி ஆடுகளத்துக்குள் இறங்கிவிடுவதாக ஒரே குரலில் பாடத் தொடங்கும்:

"டெஸ்ஸு கோல் போட்டா, உள்ள எறங்குவோம்!
டெஸ்ஸு கோல் போட்டா, எல்லாரும் எறங்குவோம்!"

பாட்டில் எல்லோரையும்விட உரக்கக் கேட்கும் குரல் ஆர்ச்சியுடையது. டெஸ்ஸின் அப்பா. மைதானத்துச் சுழல்கதவில் டிக்கெட் வாங்கிக்கொண்டு ஆட்களை உள்ளே விடுகிற வேலை. கூட்டம் வந்து முடிந்ததும் கதவைப் பூட்டிவிட்டு, கால்வாய்ப் பக்கத்துக் கோல் கம்பத்துக்குப் பின்னால் வந்து நிற்பார். வலைக்கும் அவருக்கும் நடுவில் ஒரு தகரத் தடுப்புதான்.

அந்தப் பிப்ரவரி சனிக்கிழமை மழை பக்கவாட்டில் பெய்தது. மைதானத்தில் புல் என்று சொல்ல நான்கு மூலைகளில் மட்டும்தான் ஏதோ இருந்தது. மேல்வரிசையில் சுத்தமான கோட்டு போட்ட ஒரு ஆள் உட்கார்ந்திருந்தார். கிராக்லியில் சுத்தமான கோட்டு என்றால் அது வெளியூர் கிளப்புக்கு ஆள் பிடிக்க வந்தவர் என்று அர்த்தம். நைஜுக்கு அது தெரிந்திருந்தது. முதல் பாதியிலேயே இரண்டு போட்டுவிட்டான். இரண்டுமே நல்ல கோல்கள். அதைச் சொல்லியாக வேண்டும், ஏனென்றால் பிறகு அவனே அவற்றை மறந்துபோனான்.

ஆட்டம் முடிகிற நேரம். கார்னர். டெஸ் மேலே வந்தான், கூட்டம் பாடியது. பந்து சேற்றுக்கும் தலைகளுக்கும் நடுவே வந்தது. டெஸ் கண்ணை இறுக்கி மூடிக்கொண்டு எம்பினான். நெற்றியில் 'பொத்'தென்று ஒரு சத்தம். பந்து கோட்டைத் தாண்டிக்கொண்டிருக்கும்போது நைஜ் சறுக்கிக்கொண்டு வந்து காலை வீசினான். கால் வெறும் மழையைத்தான் உதைத்தது. பந்து அதற்குள் வலையில் இருந்தது.

கை மேலே போனது.

கொடிக்கம்பத்தருகே ஏழு பேர் அவன் மேல் விழுந்து அமுக்கினார்கள். குப்புற விழுந்திருந்த டெஸ் முகத்தில் சேற்றோடு எழுந்தபோது அவன் பக்கம் யாருமே இல்லை. தடுப்புக்குப் பின்னால் ஒரே ஒரு ஆள் மட்டும் தொப்பியைக் கழற்றி ஆட்டிக்கொண்டு, "டெஸ்! டெஸ்!" என்று கத்திக்கொண்டிருந்தார்.

ஆட்டம் முடிந்ததும் வழக்கம்போல மாலைப் பேப்பர் நிருபர் பெர்சி டிரெஸ்ஸிங் ரூம் வாசலில் வந்து நின்றார். மூக்குக்கண்ணாடி முழுக்க ஆவி. யார் கோல் என்று சந்தேகம் வந்தால் அங்கே வந்து கேட்பார். அங்கே சொல்வதுதான் அச்சில் வரும், அச்சில் வந்ததுதான் சரித்திரம்.

"மூணாவது யாருதுப்பா?"

"என்னோடதுதான் பெர்சி," என்றான் நைஜ். "கட்டைவிரல்ல பட்டுச்சு." ஹாட்ரிக் அடித்தவனுக்கு ஆட்டப்பந்தைக் கொடுத்துவிடுவார்கள். அதை அவன் ஏற்கெனவே ஜெர்சிக்குள் சொருகி, பிள்ளைத்தாய்ச்சி மாதிரி வயிற்றைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான்.

"டெஸ், உன் தலையில பட்டமாதிரி இருந்துச்சே?"

டெஸ் ஷூவைக் கழற்றிக்கொண்டிருந்தான். நிமிர்ந்து நைஜின் வயிற்றைப் பார்த்தான். பிறகு அவன் முகத்தைப் பார்த்தான்.

"என்னையா கேக்குறீங்க? நான் கண்ணை மூடிட்டு இருந்தேன்."

அறையே சிரித்தது. பெர்சி எழுதிக்கொண்டு போனார்.

சுத்தமான கோட்டு திங்கட்கிழமையே போன் செய்தது. நைஜ் மூன்றாவது டிவிஷனுக்குப் போனான். அங்கே இரண்டு சீசன். பிறகு முழங்கால் பிசகியது. மறுபடி நான்காவது, அப்புறம் லீகுக்கே வெளியே, ஏதேதோ ஊர்கள், ஓரத்தில் ஆடு மேய்கிற மைதானம் ஒன்று உட்பட. எங்கே போனாலும் அறிமுகம் ஒன்றுதான்: "கிராக்லியில ஹாட்ரிக் அடிச்ச பையன்." ஒவ்வொரு முறையும் அதைக் கேட்கும்போது பல்லிடுக்கில் ஏதோ சிக்கியதுபோல நாக்கால் துழாவுவான். கடைசியில் கிராக்லிக்கே திரும்பி, மச்சானோடு சேர்ந்து வீடுகளுக்குத் தரைக்கம்பளம் போடுகிற வேலையில் உட்கார்ந்தான். அவன் பிழைப்பு இன்னமும் முழங்காலில்தான் என்று ஊர் சொன்னது.

பந்து முதலில் டிவி மேல் இருந்தது. பிறகு அலமாரி மேல். பிறகு பரண். "தேடி வர்ற ஆளுங்ககிட்ட காட்டேன்யா, எதுக்கு ஒளிச்சு வெக்கிற?" என்று ஜேனிஸ் கேட்டாள். "காத்து எறங்கிப்போச்சு," என்றான்.

இவ்வளவோடு நின்றிருந்தால் ஃபார்வர்டு சட்டம் என்று அவனும் ஆறிப்போயிருப்பான். நிற்கவில்லை.

ஆர்ச்சி விடவில்லை. டெஸ் பன்னிரண்டு சீசன் ஆடி ஒரு கோல்கூட இல்லாமல் ஓய்வுபெற்ற பிறகும், கேனல் பப்பின் மூலை மேஜையிலிருந்து அவர் குரல் வரும். "என் பையன் ஒண்ணு போட்டான். நான் வலைக்குப் பின்னாடி நின்னேன். இந்தக் கண்ணால பார்த்தேன்."

"ஆமா ஆர்ச்சி. போட்டான். உன் கனவுல."

"கனவுலயும் கம்பத்துல பட்டு வெளியதான் போயிருக்கும்!"

நைஜ் ஊர் திரும்பிய வருஷம், ஒரு கிறிஸ்மஸ் சமயம், பப் நிரம்பி வழிந்தது. எவனோ ஒருத்தன் கத்தினான்: "நைஜ் இங்கதான இருக்கான்! டேய், நீயே சொல்லு, பெருசு சொல்றது நெசமா?"

எல்லோரும் திரும்பினார்கள். ஆர்ச்சியும் திரும்பினார். அவர் முகத்தில் ஒரு நம்பிக்கை இருந்தது, அதுதான் பிரச்சினை. உண்மை தெரிந்த இன்னொருத்தனைக் கடைசியில் சாட்சிக்கூண்டில் ஏற்றியாயிற்று என்கிற நம்பிக்கை.

நைஜ் பீரை வைத்தான். வலது கையைத் தூக்கினான். வாயைச் சாஸர்போலத் திறந்தான். மேஜைகளைச் சுற்றி ஒரு ஓட்டம் ஓடினான்.

கூரை பிய்த்துக்கொண்டு போகிற சிரிப்பு. அது அடங்கியபோது மூலை மேஜையில் பாதி கிளாஸ் பீர் மட்டும் இருந்தது. ஆர்ச்சி அதற்குப் பிறகு அந்தப் பப்புக்குள் கால் வைக்கவில்லை.

அன்றைக்கு மைதானத்தில் கோலை எடுத்துக்கொண்டது காலோ கையோ, ஏதோ ஒன்று, வேகத்தில் நடந்தது. ஆனால் பப்பில் இந்த ஓட்டத்தை அவன் யோசித்து ஓடினான். கம்பளத்தில் ஆணி அடிக்கும்போது, பல் தேய்க்கும்போது, சிப்ஸுக்கு வரிசையில் நிற்கும்போது அந்தப் பாதி கிளாஸ் அவன் முன்னால் வந்து நிற்கும்.

போன இலையுதிர்காலத்தில் கிளப்பிலிருந்து பெத் போன் செய்தாள். ரசிகர் சங்கத்துப் பெண். மூச்சு விடாமல் பேசுவாள்.

"நைஜ், ஸ்டாண்டுக்கு அடியில புது பார் திறக்குறோம்ல, பேருக்கு ஓட்டு போட்டாங்க, என்ன பேர் தெரியுமா, 'பூஜ்யம்'! டெஸ்ஸுக்காக! வாசல்ல பெருசா ஒரு வட்டம், அவ்ளோதான்! இந்தச் சனிக்கிழமை மேட்ச்சுக்கு முன்னாடி. நீங்க உங்க ஹாட்ரிக் பந்தைக் குடுங்க, கண்ணாடிப் பெட்டியில வெப்போம், ரெண்டு வார்த்தை பேசுங்க, கையைத் தூக்குங்க, ஜனம் செத்துரும்!"

நைஜ் பரணில் ஏறிப் பந்தை எடுத்தான். மடியில் வைத்துக்கொண்டு ஏணியிலேயே உட்கார்ந்திருந்தான். கீழே நின்று ஏணியைப் பிடித்திருந்த ஜேனிஸுக்கு அங்கேயே எல்லாவற்றையும் சொன்னான்.

"அந்தப் பெரியவரைப் பொய்யன் ஆக்கிட்டியேய்யா," என்றாள். "எறங்கு. போய் டெஸ்கிட்ட சொல்லு. சொல்லிட்டு வா, அப்பத்தான் டீ."

டெஸ் தன் தோட்டத் துண்டில் லீக்ஸ் வெங்காயச் செடிகளுக்கு மண் அணைத்துக்கொண்டிருந்தான். அந்த மாட்டுக்கொட்டகைக் கதவு இப்போது கொஞ்சம் கோணிப்போயிருந்தது, ஆனால் கதவுதான்.

"டெஸ், அந்த மூணாவது கோல்..."

"தெரியும்."

"நான் தொடவே இல்லடா."

"நைஜ், பந்தோட தையல் என் நெத்தியில ரெண்டு நாள் இருந்துச்சு. கண்ணாடியில பார்த்துக்கிட்டே இருந்தேன். எனக்குத் தெரியாதா?"

"அப்புறம் ஏன்டா சொல்லல?"

டெஸ் மண்வெட்டியை ஊன்றி நின்றான். "நீ பந்தை வயித்துல வெச்சுக்கிட்டு கன்னுக்குட்டி மாதிரி முழிச்ச. மேல அந்தக் கோட்டுக்காரன் வேற. சரி, எடுத்துக்கிட்டுப் போகட்டும்னு விட்டேன். அடுத்த வாரம் நான் இன்னொண்ணு போட்டுக்கலாம்னு நெனச்சேன்." மூக்கைத் துடைத்தான். "அந்த அடுத்த வாரம்தான் வரவே இல்ல."

"நாளைக்கு மைக்குல சொல்லிடுறேன்," என்றான் நைஜ்.

"சொன்னா காலை ஒடச்சிருவேன். எனக்கு இன்னும் தெம்பு இருக்கு." அவன் சிரிக்கவில்லை. "அது என் பேருடா இப்போ. பேத்திங்க பூஜ்யம் போட்ட டீ-ஷர்ட் தெச்சு வெச்சிருக்கு. பஸ்ல ஏறினா டிரைவரு பாடுறான். ஒரு கோல் போட்ட டிஃபெண்டர் ஊருக்கு நூறு பேர் இருக்கான். நான் ஒருத்தன்தான் இப்படி. அதையும் வந்து எடுத்துக்கிட்டுப் போகாத."

நைஜ் திரும்பி நடந்தான். வேலிவரை போனதும் டெஸ் பின்னாலிருந்து பேசினான்.

"ஒண்ணே ஒண்ணு. அப்பா அன்னிக்கு ராத்திரி என்னைக் கேட்டாரு. 'உன் தலைதானே?'ன்னு. இல்லப்பான்னு சொன்னேன். நீ ஊரைவிட்டுப் போறவரைக்கும் காப்பாத்தணுமேன்னு சொன்னது, அப்படியே நின்னுபோச்சு. அவர் மொகத்துக்கு நேரா பொய் சொல்லியிருக்கேன், உனக்காக. அதுக்கு மட்டும்தான்டா உன்மேல எனக்குக் கோவம்."

சனிக்கிழமை பாருக்குள் எள் போட இடமில்லை. வாசலில் பெரிய வெள்ளை வட்டம். முதியோர் இல்லத்திலிருந்து ஆர்ச்சியைச் சக்கரநாற்காலியில் கொண்டுவந்து முன்னால் நிறுத்தியிருந்தார்கள். தொண்ணூறைத் தொடுகிற கிழவர், முட்டியில் கம்பளி, தலையில் அதே தொப்பி. டெஸ் பக்கத்தில், கழுத்தை இறுக்கும் டையோடு.

பெத் மைக்கை நீட்டினாள். நைஜ் பந்தை அணைத்துக்கொண்டு நின்றான்.

"கையைத் தூக்குடா!" "முதல்ல கை, அப்புறம் பேச்சு!"

அவன் தூக்கவில்லை. "டெஸ்ஸைப் பத்தி..." என்று தொடங்கினான். அதற்குள் முன்வரிசையிலிருந்து ஒரு உடைந்த குரல்:

"அவன் ஒண்ணு போட்டான்! நான் பார்த்தேன்!"

பார் முழுக்கச் சிரிப்பு. செல்லமான சிரிப்புதான், ஆனால் அதே பழைய சிரிப்பு. டெஸ் நைஜைப் பார்த்தான்; தலையை மெல்ல ஆட்டினான், வேண்டாம் என்று. ஆர்ச்சி யாரையும் பார்க்கவில்லை. சிரிப்பு முடியக் காத்திருந்தார், பழகிப்போனவர்போல.

அதைத்தான் நைஜால் தாங்க முடியவில்லை.

"ஆர்ச்சி சொல்றது நெசம்," என்றான். "அது டெஸ்ஸோட கோல். நான் தொடவே இல்ல."

ஒரு நொடி. பிறகு மேஜைகள் அதிர்ந்தன. எவனோ விசிலடித்தான். எவனோ கண்ணைத் துடைத்துக்கொண்டான். "பாவி, என்ன நடிப்புடா!"

"நான் சிரிப்புக்குச் சொல்லல..."

இன்னும் பெரிய சிரிப்பு. "அப்போ கோலைத் திருப்பிக் குடு!" என்று பின்னாலிருந்து ஒரு குரல். நைஜ் பந்தை டெஸ் பக்கம் நீட்டினான். அவ்வளவுதான், கூட்டம் மேஜை மேல் ஏறிவிட்டது. பெத் பந்தை வாங்கிக் கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்துப் பூட்டினாள். பளிச் பளிச்சென்று படம் எடுத்தார்கள். வாழ்நாள் முழுக்கப் பொய் சொன்னபோது நம்பிய ஊர், ஒரே ஒரு முறை உண்மை சொன்னதற்குக் கைதட்டியது. டெஸ் நெற்றியைத் தடவிக்கொண்டு நின்றான். தப்பித்த முகமா, ஏமாந்த முகமா என்று நைஜுக்குத் தெரியவில்லை. இரண்டும் இருந்திருக்கலாம்.

ஆட்டத்தின் இடைவேளையில், பாருக்குள், ஆர்ச்சி விரலை வளைத்து அவனைக் கூப்பிட்டார்.

"இப்ப மைக்குல சொன்னியே. நெசமா, கூத்தா?"

"நெசம் ஆர்ச்சி."

"அவன் தலையா?"

"நெத்தி."

"நீ தொட்டியா?"

"தொடல. நான் வர்றதுக்குள்ள போயிருச்சு. பப்புல கேட்டப்பவும் எனக்குத் தெரியும்."

அடி விழும் என்று எதிர்பார்த்தான். விழுந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். கிழவர் கண்ணாடிப் பெட்டியைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"அப்பத் தள்ளு," என்றார்.

"எங்க?"

"மைதானத்துக்குள்ள. போட்டா எறங்குவோம்னு பாடினோம்ல? ஊரே வாக்கு குடுத்துச்சு. ஊரு வரலைன்னா போகட்டும், நான் எறங்கணும்."

"ஆர்ச்சி, ராத்திரி பூரா மழை. விட மாட்டாங்க."

"நான் கதவு வேலை பார்த்தவன்டா. மூலைக் கதவுக்குத் தாழ்ப்பாள் சும்மா பேருக்குத்தான். தூக்கி இழு, வரும்."

தூக்கி இழுத்தான், வந்தது.

கோட்டைத் தாண்டியதுமே சக்கரம் புதைந்தது. நைஜ் தோளைக் கொடுத்துத் தள்ளினான். பழுதான முழங்கால் கத்தியது. மஞ்சள் கோட்டு போட்ட காவல்காரன் ஒருத்தன் கத்திக்கொண்டே ஓடிவந்தான். "ஏய்! ஏய்! யாரு உள்ள விட்டது உங்களை?"

"என் மகன் கோல் போட்டுட்டான்," என்றார் ஆர்ச்சி. "நீ ஓரமாப் போ."

காவல்காரன் நைஜைப் பார்த்தான். நைஜ் தள்ளிக்கொண்டே போனான். கால்வாய்ப் பக்கத்துக் கோல் கம்பத்துக்கு முன்னால் வந்ததும் கிழவர் கையைக் காட்டினார். "இங்கதான்."

"இன்னும் கொஞ்சம் இடது பக்கம்," என்றான் நைஜ். அந்த இடம் அவனுக்குத் தூக்கத்திலும் தெரியும்.

ஸ்டாண்டில் யாரோ அவர்களைப் பார்த்துவிட்டுப் பாட்டை எடுத்தார்கள். ஒரு மூலையில் தொடங்கி மைதானம் முழுக்கச் சுற்றியது. டெஸ்ஸு கோல் போட்டா, உள்ள எறங்குவோம். பாரின் கண்ணாடிக்குப் பின்னால் ஒரு பெரிய உருவம் அசையாமல் நின்றது. ஆர்ச்சி தொப்பியைக் கழற்றினார். அன்றைக்கு ஆட்டியதுபோலவே ஆட்டினார்.

"இதுக்காக உன்னை மன்னிச்சிட்டேன்னு நெனச்சுக்காத," என்றார் திரும்பாமலே.

"இல்ல ஆர்ச்சி."

சத்தம் ஏறியது. அது ஏற ஏற நைஜின் வலது கைக்குள் அந்தப் பழைய துடிப்பு கிளம்பியது. அவன் கவனிப்பதற்குள் விரல்கள் நாற்காலியின் பிடியை விட்டன, கை பாதிவரை மேலே போயும்விட்டது. நாற்காலி ஒரு பக்கம் சரிந்தது.

"கையை எடுக்காதடா," என்றார் ஆர்ச்சி. "வண்டி சாயுது."